பறித்த பழமும் மூச்சு விடும்: பெர்ரிப் பழங்களைக் கெடாமல் வைத்த கதை

காலையில் செடியில் செக்கச்செவேல் என்று மின்னும் ஸ்ட்ராபெரி, வெயிலில் ஒரு கூடையில் கிடந்தால் மாலைக்குள் மங்கிவிடும். மறுநாள் கசியும். அதற்கடுத்த நாள் சாம்பல் நிறத்தில் ரோமம் போர்த்திக்கொள்ளும். ஆப்பிளை வைக்கோலில் புதைத்துக் குளிர்காலம் முழுக்க வைத்துத் தின்ற ஐரோப்பிய விவசாயிக்கு, இந்தப் பழத்தை என்ன செய்வது என்று பல நூற்றாண்டுகள் புரியவே இல்லை. அவனுக்குத் தெரிந்தவை இரண்டு வழிகள்தான். உடனே தின்றுவிடலாம். இல்லாவிட்டால் சர்க்கரை போட்டுக் காய்ச்சி ஜாமாக்கலாம். ஜாமில் இனிப்பு இருக்கும், நிறம் இருக்கும், ஆனால் பழம் இருக்காது!

பறித்தது பறித்தபடியே, பச்சையாக, சில நாட்களாவது வைத்திருக்க மனிதன் கற்றுக்கொண்டது கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள்தான். அந்தக் கதையில் ஐஸ் வருகிறது, ரயில் வருகிறது, வாயு வருகிறது, பிளாஸ்டிக்கும் வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பழத்தைப் பறிக்கும் கை வருகிறது. வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் கடைசியில் கவனிப்பது அந்தக் கையைத்தான்.

ஒரு சிறு விளக்கம். தாவரவியல் கணக்குப்படி ஸ்ட்ராபெரியும் ராஸ்பெரியும் பெர்ரியே கிடையாது. திராட்சையும் தக்காளியும்தான் அசல் பெர்ரிகள். (வாழைப்பழமும் கத்தரிக்காயும் கூட அந்தப் பட்டியலில் உண்டு!) சந்தையில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எனவே இங்கேயும் சந்தை வழக்கையே எடுத்துக்கொள்ளலாம்.

ரயில் வருவதற்கு முன் லண்டன் நகரம் ஸ்ட்ராபெரி தின்ற விதமே தனி. நகரத்துக்கு மேற்கே ஐல்வொர்த் போன்ற ஊர்களில் பழத்தோட்டங்கள் இருந்தன. அங்கிருந்து கோவென்ட் கார்டன் சந்தை சுமார் 15 கிலோமீட்டர். வண்டியில் ஏற்றினால் அந்தக் காலத்துக் கற்சாலைக் குலுக்கலில் பாதிப் பழம் கூழாகிவிடும். ஆகவே 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பழங்கள் பெண்களின் தலையில் போயின. ஷ்ராப்ஷயரிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் ஒவ்வொரு ஆண்டும் கூலிக்கு வரும் பெண்கள் அவர்கள். விடியற்காலையில் பழம் பறித்து, பெரிய கூடையைத் தலையில் ஏற்றி, வேகநடையாகச் சந்தைக்குப் போவார்கள். ஒரே நாளில் இரண்டு நடை போனவர்களும் உண்டு. பருவம் முடிந்ததும் சேர்த்த கூலியோடு ஊர் திரும்புவார்கள்.

இன்றைய பொறியியல் மொழியில் சொன்னால் அந்தப் பெண்கள்தான் அக்காலத்தின் 'ஷாக் அப்சார்பர்'. நடக்கும்போது கழுத்தும் முதுகும் குலுக்கலை வாங்கிக்கொள்ளும், கூடை அசையாது. குளிர்பதனம் இல்லாத காலத்தில் பழத்தைக் காப்பாற்ற இரண்டே விஷயங்கள் கைவசம் இருந்தன. ஒன்று அடிபடாமல் கொண்டுபோவது, மற்றொன்று வேகமாகக் கொண்டுபோவது. இரண்டையும் கொடுத்தது ஏழைப் பெண்களின் உடம்பு.

இதே 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இன்னொரு விசித்திரம் நடந்தது. பாரிசுக்குத் தென்கிழக்கே, ஃபோன்டென்ப்ளோ காட்டை ஒட்டி தொமெரி என்று ஒரு சிற்றூர். அங்கே வெயில் படும் நீண்ட மதில்களில் 'ஷாஸ்லா' என்ற வெளிர் திராட்சையைப் படரவிட்டு வளர்த்தார்கள். அறுவடை இலையுதிர்காலத்தில். ஆனால் பாரிஸ் பணக்காரர்களுக்கு வசந்தகாலத்திலும் புதுத் திராட்சை வேண்டும்! நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோஸ் ஷார்மே, லார்பாந்தர் போன்ற தொமெரி விவசாயிகள் அதற்கு ஒரு வழி செய்தார்கள். குலையைக் காம்போடு மட்டும் வெட்டாமல், கொடியின் ஒரு துண்டோடு சேர்த்து வெட்டினார்கள். அந்தத் துண்டின் அடிமுனையைத் தண்ணீர் நிரம்பிய சிறு கண்ணாடிக் குப்பியில் செருகினார்கள். தண்ணீர் கெடாமலிருக்க அதில் கொஞ்சம் அடுப்புக்கரி. இப்படி ஆயிரக்கணக்கான குப்பிகளை இருட்டான, குளுமையான அறைகளில் வரிசையாகச் சாய்த்து மாட்டினார்கள். பூச்சாடியில் பூவை வைப்பது போலத்தான், ஆனால் மாதக்கணக்கில்!

குப்பியில் செருகியதோடு வேலை முடியவில்லை. அறைக்குள் அடிக்கடி ஆள் போய் ஒவ்வொரு குலையையும் பார்க்க வேண்டும். ஒரு மணி அழுகத் தொடங்கினால் மெல்லிய கத்தரிக்கோலால் அதை மட்டும் நறுக்கி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் பக்கத்து மணிக்குப் பரவும், பிறகு குலை முழுவதும் போகும். இந்தப் பொறுமைக்குக் கிடைத்த பரிசு, மரங்கள் மறுபடி துளிர்க்கும்வரை காம்பு பச்சையாகவே நிற்கும் திராட்சை. விலை? சாதாரண மனிதன் நினைத்துப் பார்க்க முடியாத விலைதான். இந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் அந்த ஊரில் நீடித்தது.

தொமெரிக்காரர்கள் ஏன் வென்றார்கள் என்பதற்கான அறிவியல் அவர்களுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அதே பிரான்சில் மோன்பெலியே நகரைச் சேர்ந்த ழாக் எத்தியென் பெரார் என்ற வேதியியலாளர், பறித்த பழங்களை மூடிய கலங்களில் வைத்துச் சோதித்தார். பழம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே விடுகிறது என்றும், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் காய் கனிவதில்லை என்றும் கண்டார். 1821இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் இதற்காக அவருக்குப் பரிசும் கொடுத்தது. பறித்துவிட்டால் பழம் செத்துப்போவதில்லை, அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். மூச்சு விட விட, செடி கொடுத்தனுப்பிய சர்க்கரைச் சேமிப்பு கரைகிறது. கட்டுச்சோற்றோடு வழிப்பயணம் போகிறவன் மாதிரி, சோறு தீர்ந்தால் கதை முடிந்தது.

பெர்ரிகளுக்கு இந்தக் கட்டுச்சோறு மிகவும் சிறியது, பசியோ பெரியது. இன்றைய அளவீடுகளின்படி, 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கிலோ ஸ்ட்ராபெரி மணிக்கு 100 முதல் 200 மில்லிகிராம் கரியமில வாயுவை வெளிவிடும். அதையே 0 டிகிரிக்குக் குளிரவைத்தால் 12 முதல் 20 மில்லிகிராம்தான். அதாவது மூச்சின் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. மாம்பழத்தையும் வாழையையும் காயாகப் பறித்துப் பிறகு பழுக்க வைக்கலாம். ஸ்ட்ராபெரியிடம் அது நடக்காது. பறித்த நொடியில் எவ்வளவு இனிப்போ அவ்வளவுதான், அதன் பிறகு ஏறாது. எனவே முன்கூட்டியே பறித்துவைத்துத் தப்பிக்கும் வழி அடைபட்டது.

பெராரின் கண்டுபிடிப்பு வணிகர்களின் காதுக்கு எட்ட நூறாண்டு ஆனது. அதற்குள் அமெரிக்கர்கள் ஐஸை நம்பி இறங்கிவிட்டார்கள்.

இலினாய் மாநிலத்தின் தெற்குக் கோடியில் கோப்டன் என்ற சிற்றூர். 'இலினாய் சென்ட்ரல்' ரயில் பாதை அந்த வழியே போகிறது. சிகாகோவைவிட அங்கே வெயில் முன்னதாக வரும், ஸ்ட்ராபெரியும் முன்னதாகப் பழுக்கும். முதலில் சந்தைக்குப் போகிறவனுக்கே நல்ல விலை. ஆனால் நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் தூரம். பார்க்கர் ஏர்ல் என்ற தோட்டக்காரர் 1866இல் பெரிய மரப்பெட்டிகள் செய்தார். ஒவ்வொன்றிலும் 100 பவுண்டு ஐஸும் 200 குவார்ட் ஸ்ட்ராபெரியும் கொள்ளும். (ஒரு குவார்ட் என்பது ஒரு லிட்டரைவிடக் கொஞ்சம் அதிகம்.) அவற்றை எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏற்றி சிகாகோவுக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டே, 1867இல், கோப்டனிலிருந்து சிகாகோவுக்குப் பழத்துக்கென்றே தனி எக்ஸ்பிரஸ் ரயில் ஓடத் தொடங்கியது. 1868இல் டெட்ராய்ட் நகரின் வில்லியம் டேவிஸ் ஐஸ் வைத்த ரயில் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார்.

இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் தோன்றும். தீரவில்லை. பெட்டி பெட்டியாக ஐஸ் இருந்தும் பழங்கள் கெட்டுப் போய்ச் சேர்ந்தன. காரணத்தை ஏர்லும் அவரைப் போன்றவர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். வெயிலில் சூடான பழத்தை அப்படியே ஐஸ் பெட்டியில் ஏற்றினால், ஓரத்தில் இருப்பவை குளிரும். நடுவில் அடுக்கியவை மணிக்கணக்கில் சூடாகவே கிடக்கும். பழத்தின் மூச்சே அந்த இடத்தை மேலும் சூடாக்கும். ஐஸ் பெட்டி ஏற்கெனவே குளிர்ந்த பழத்தைக் குளிராகவே வைத்திருக்கும், அவ்வளவுதான். சூட்டை இறக்கும் வேலையை ஏற்றுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். இந்த 'முன்குளிர்வித்தல்'தான் பிற்காலத்தில் பெர்ரி வணிகத்தின் அஸ்திவாரம் ஆனது. ஏர்ல் பின்னாளில் தோட்டக்கலைச் சங்கங்களுக்குத் தலைவரானார். ஆனாலும் சூடான பழத்தை ஏற்றி நட்டப்படும் பழக்கம் அவர் காலத்துக்குப் பிறகும் தொடர்ந்தது.

கோப்டன் வணிகத்தில் இன்னொரு சமரசமும் ஒளிந்திருந்தது. அக்காலத்தில் தூரதேசத்துக்குப் போன ஸ்ட்ராபெரி பெரும்பாலும் 'வில்சன்' என்ற ரகம். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியைச் சேர்ந்த ஜேம்ஸ் வில்சன் 1850களில் கொண்டுவந்தது. நன்றாகக் காய்க்கும், எந்த மண்ணிலும் வரும், பழம் கெட்டி. குறை ஒன்றே ஒன்றுதான்: புளிக்கும்! நன்றாகக் கருஞ்சிவப்பாகும்வரை செடியிலேயே விட்டால் ருசி தேறும், ஆனால் அப்படி விட்டால் ரயில் பயணம் தாங்காது. ருசியான மென்மையான ரகங்கள் வீட்டுத் தோட்டங்களுக்குள் ஒதுங்க, கெட்டியான புளிப்பு ரகம் நாடு முழுக்கப் போனது. கடையில் வாங்கும் ஸ்ட்ராபெரி பார்க்க அழகாகவும் தின்றால் சப்பென்றும் இருக்கிறது என்ற இன்றைய புலம்பலுக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

எல்லா பெர்ரியும் இவ்வளவு செல்லப்பிள்ளை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் விளையும் கிரான்பெரி இதற்கு நேர்மாறு. தோல் கெட்டி, மேலே மெழுகுப் பூச்சு, உள்ளே காற்று அறைகள், போதாததற்கு இயற்கையாகவே கொஞ்சம் பென்சோயிக் அமிலம் (ஜாம், ஊறுகாய் பாட்டில்களில் சேர்க்கும் அதே குடும்பம்). பூர்வகுடி மக்கள் அதைப் பல மாதம் வைத்திருந்து தின்றார்கள். கப்பல்காரர்கள் பீப்பாயில் எடுத்துப் போனார்கள். இன்றும் அமெரிக்காவில் கிரான்பெரி விளைச்சலை 100 பவுண்டு கொண்ட 'பீப்பாய்' கணக்கில்தான் சொல்கிறார்கள். நல்ல கிரான்பெரி பந்து போலத் துள்ளும், அழுகியது துள்ளாது. மரக்கால் வைத்திருந்த ஜான் வெப் என்ற நியூஜெர்சிக்காரர் பழத்தைச் சுமந்து மாடிப்படி இறங்க முடியாமல் மேலிருந்தே கொட்டினார், நல்லவை துள்ளிக் கீழே வந்தன, கெட்டவை படியிலேயே தங்கின என்று ஒரு கதை சொல்வார்கள். துள்ளவைத்துத் தரம் பிரிக்கும் எந்திரங்கள் பிறகு உண்மையாகவே வந்தன.

மறுபடி மென்மையான பழங்களுக்கு வரலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறை ஹரால்ட் பவல் என்ற ஆய்வாளரை கலிபோர்னியாவுக்கு அனுப்பியது. விஷயம் பெர்ரி அல்ல, ஆரஞ்சு. ரயிலில் போகும் ஆரஞ்சுகள் ஏராளமாக அழுகின. ரயில்வே சரியில்லை, ஐஸ் போதவில்லை என்று விவசாயிகள் குற்றம் சொன்னார்கள். பவலின் குழு 1904 முதல் தோட்டத்திலிருந்து சந்தை வரை பழத்தின் பின்னாலேயே போய்ப் பார்த்தது. குற்றவாளி ரயில் அல்ல என்று தெரிந்தது. பறிக்கும் கத்தரியின் முனை, பறிப்பவரின் நகம், கரடுமுரடான பெட்டி, உயரத்திலிருந்து கொட்டுவது என்று கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் விழுந்தன. அந்தக் கீறல் வழியாகத்தான் பூஞ்சை நுழைந்தது. தோல் முழுமையாக இருந்தால் பூஞ்சையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 1908இல் இந்த ஆய்வு வெளிவந்தது. பறிப்பவர்களுக்குக் கையுறை வந்ததும், கத்தரியின் முனை மழுக்கப்பட்டதும் இதன் விளைவுகள்.

ஆரஞ்சுக்கே இந்தக் கதி என்றால் ராஸ்பெரிக்கு? வாஷிங்டன் மாநிலத்தின் ப்யூவாலப் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இந்தக் கேள்வி வாழ்வா சாவா என்ற கேள்வி. ராஸ்பெரியைப் பறிக்கும்போது அதன் நடுத்தண்டு செடியிலேயே தங்கிவிடும். கைக்கு வருவது ஒரு சின்னத் தொப்பி. உள்ளே ஒன்றுமில்லாத, சாறு நிரம்பிய மெல்லிய மணிகளின் கூடு. அதை ரயிலேற்றி மலைத்தொடர்களைத் தாண்டிக் கிழக்கே அனுப்ப வேண்டும். பால்ஹேமஸ் என்பவர் தலைமையில் அந்தப் பகுதி விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்திருந்தார்கள். அனுப்பமுடியாத பழத்தை டப்பாவில் அடைக்க ஆலையும் வைத்துக்கொண்டார்கள். ஆனால் பசும்பழத்துக்குத்தான் நல்ல காசு.

வேளாண் துறையின் ராம்சே அங்கே ஆராய்ந்து 1915இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். சோதனை மிக எளியது. வழக்கம்போலப் பறித்த பழம் ஒரு பக்கம், ஆய்வாளர்கள் பார்த்துப் பார்த்துப் பறித்த பழம் மறுபக்கம். அதே தோட்டம், அதே நாள், அதே பெட்டி. சில நாள் கழித்துத் திறந்தால், கவனமாகப் பறித்ததில் அழுகல் வெகு குறைவு. ஏற்றுமுன் குளிரவைத்தால் இன்னும் குறைவு. ஆனால் நசுங்கிய பழத்தைக் குளிரவைத்து நல்ல பழமாக்க முடியாது. குளிர், நல்ல பழத்துக்குத்தான் துணை.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. பழம் பறிப்பவருக்குக் கூலி நாள் கணக்கில் அல்ல, பெட்டிக் கணக்கில். நிறையப் பெட்டி நிரப்பினால் நிறையக் காசு. ஒவ்வொரு பழமாக விரல்நுனியில் பிடித்து, நசுக்காமல், அழுகலை ஒதுக்கி, கைக்குள் சேர்த்துவைக்காமல் அப்போதைக்கப்போது பெட்டியில் வைத்தால் நல்ல பழம் கிடைக்கும், கூலி பாதியாகும். ஆய்வறிக்கை சொன்ன கவனத்தின் செலவை யார் ஏற்பது? விவசாயியா, வணிகரா, தின்பவரா? பெரும்பாலும் அது பறிப்பவர் தலையில்தான் விழுந்தது. அறிவியல் கட்டுரைகளில் 'கவனமாகக் கையாளுதல்' என்று இரண்டே சொல்லில் முடிந்துபோகும் விஷயம் இது.

வாயுவின் கதை கிட்டத்தட்ட இதே காலத்தில், இதே வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கியது. தாட்சர் என்ற வேதியியலாளர் பூத் என்பவரோடு சேர்ந்து 1903 வாக்கில் பழங்களை வெவ்வேறு வாயுக்கள் நிரப்பிய பெட்டிகளில் அடைத்துப் பார்த்தார். ராஸ்பெரி, பிளாக்பெரி, லோகன்பெரி ஆகியவை சாதாரணக் காற்றில் மூன்று நாளில் குழைந்துபோயின. கரியமில வாயுவில் அவையே 7 முதல் 10 நாள் வரை கெட்டியாக இருந்தன! பெரார் கண்டதன் மறுபக்கம் இது. பழம் வெளியே விடும் வாயுவையே அதைச் சுற்றி நிரப்பினால் அதன் மூச்சு தணிகிறது.

முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்துக்கு உணவை வீணாக்காமல் வைக்கவேண்டிய கட்டாயம் வந்தது. கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இருவர் ஆக்சிஜன், கரியமில வாயு, வெப்பம் மூன்றையும் கணக்குப் போட்டு மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். ஸ்ட்ராபெரி போன்ற மென்பழங்களையும் பார்த்தார்கள். ஆனால் பெரிய வெற்றி கிடைத்தது ஆப்பிளில். 1929இல் கென்ட் மாவட்டத்தின் கேன்டர்பரி அருகே முதல் வணிக வாயுக் கிடங்கு வந்தது. இன்று உலகெங்கும் மாதக்கணக்கில் ஆப்பிள் வைக்கும் கிடங்குகள் எல்லாம் அதன் வாரிசுகள். பெர்ரிக்கு மாதக்கணக்கு எட்டாக்கனியாகவே இருந்தது.

அதற்குக் காரணம் முதலில் சொன்ன அந்தச் சாம்பல் ரோமம். போட்ரைடிஸ் சினேரியா என்ற பூஞ்சை அது. மிகவும் தந்திரமான ஆள். செடி பூக்கும்போதே பூவுக்குள் நுழைந்து, சத்தமில்லாமல் தூங்கும். பழம் பழுத்துத் தளரும்போது விழித்துக்கொள்ளும். 0 டிகிரிக் குளிரில்கூட மெதுவாக வளரும். ஒரு பழத்திலிருந்து பக்கத்துப் பழத்துக்கு நேராகத் தாவும். எனவே குளிரால் அதைத் தாமதப்படுத்தலாமே தவிர நிறுத்த முடியாது. திராட்சைக்காரர்கள் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள்: கந்தகப் புகை, அதாவது சல்பர் டை ஆக்சைடு. கலிபோர்னியாவின் விங்க்லரும் ஜேக்கபும் 1925இல் அதைப்பற்றி எழுதினார்கள். திராட்சை தாங்கும். ஸ்ட்ராபெரியில் அதே புகையைக் காட்டினால் நிறம் வெளுத்துப்போகும். திராட்சை வழி ஸ்ட்ராபெரிக்கு உதவவில்லை.

ஸ்ட்ராபெரிக்கு உதவியது கரியமில வாயுவேதான், ஆனால் வேறொரு வேலைக்கு. 1932இல் அமெரிக்க வேளாண் துறையின் சார்லஸ் புரூக்ஸ் குழுவினர், ஐஸ் ரயில் பெட்டிக்குள் 'உலர் ஐஸ்' எனப்படும் திடக் கரியமில வாயுவையும் வைத்துச் சோதித்த விவரங்களை வெளியிட்டார்கள். பழத்தின் நடுவரை குளிர் இறங்குவதற்கு முன்னான அந்த ஆபத்தான மணிநேரங்களில், வாயு பூஞ்சையின் கையைக் கட்டிப்போட்டது. ஏர்ல் திண்டாடிய அதே இடைவெளி! ஆனால் அளவு மீறினால் பழத்தில் ஒரு மாதிரி புளித்த, சாராய வாடை வந்துவிடும். ஏனென்றால் மூச்சு முட்டிய பழம் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிக்கத் தொடங்கும், விளைவு ஆல்கஹால்.

போருக்குப் பின் கலிபோர்னியா ஸ்ட்ராபெரியின் தலைநகரானது. 1959இல் மேக்சி, மிட்செல், கிரேட்ஹெட் ஆகியோரின் ஆய்வு ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. பறித்த பிறகு குளிரவைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால், அதன்பின் போகும் ஒவ்வொரு மணியும் விற்கத்தக்க பழத்தின் அளவைக் குறைக்கிறது. சரி, ஆனால் டன் கணக்கில் பழத்தை எப்படி அவ்வளவு வேகமாகக் குளிரவைப்பது? குளிர் அறையில் சும்மா அடுக்கிவைத்தால் மணிக்கணக்கில் ஆகும். தண்ணீரில் முக்கினால் ஈரம் பூஞ்சைக்கு விருந்து. 1960இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கியூ என்ற பொறியாளர் எழுதிய கையேடு ஒரு எளிய வழியைப் பரப்பியது. பெட்டிகளை இரு வரிசையாக நிறுத்தி, மேலே துணி மூடி, நடுச்சந்தில் விசிறி வைத்துக் காற்றை உறிஞ்சுவது. குளிர்காற்று பெட்டிகளைச் சுற்றிப் போகாமல் பெட்டித் துளைகள் வழியே, ஒவ்வொரு பழத்தையும் உரசிக்கொண்டு போக வேண்டிவரும். அரை நாள் வேலை ஒன்றிரண்டு மணியில் முடிந்தது. பெர்ரி வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படும் கண்டுபிடிப்பு இதுவாகத்தான் இருக்கும். பார்க்க அவ்வளவு சாதாரணம், ஒரு விசிறியும் ஒரு படுதாவும்தான்!

குளிர்ந்த பழப்பெட்டிகளின் அடுக்கு மொத்தத்தையும் பிளாஸ்டிக் உறையால் மூடி, அடியை ஒட்டி, உள்ளே 10 முதல் 15 சதவீதம் கரியமில வாயு இருக்கும்படி செலுத்தி லாரியில் அனுப்புவது பிற்காலத்தில் வழக்கமானது. 'டெக்ட்ரால்' என்ற பெயரில் இது பெரிய வணிகமானது. தாட்சரின் பெட்டி, ஒரு வகையில், சக்கரம் கட்டிக்கொண்டு ஓடியது.

கதிர்வீச்சையும் விட்டுவைக்கவில்லை. 1992 ஜனவரியில் புளோரிடாவின் மல்பெரி என்ற ஊரில் (ஊர்ப் பெயரே பெர்ரி!) திறந்த ஆலை காமா கதிர் பாய்ச்சிய ஸ்ட்ராபெரியை மயாமிப் பக்கத்துக் கடைக்கு அனுப்பியது. பூஞ்சை குறைந்தது, பழம் கூடுதல் நாள் நின்றது. கடை வாசலில் எதிர்ப்புக் கூட்டமும் நின்றது. விற்பனைக்கு ஆள் இருந்தும் பெர்ரி உலகம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதற்குள் குளிரும் வாயுவும் போதுமான அளவுக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டன.

1990களில் மூடி போட்ட ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி பரவியது. அதில் காற்றுக்குத் துளைகள் உண்டு, அடுக்கினாலும் கீழ்ப்பழம் நசுங்காது. ஆனால் அதன் பெரிய நன்மை வேறு. வயலில் பறிப்பவர் பழத்தை வைக்கும் பெட்டியும் கடையில் வாங்குபவர் திறக்கும் பெட்டியும் ஒன்றே. இடையில் யாரும் பழத்தைத் தொடுவதில்லை, கழுவுவதும் இல்லை. (கழுவினால் ஈரம். அதனால்தான் வீட்டிலும் தின்பதற்குச் சற்றுமுன் மட்டும் கழுவச் சொல்கிறார்கள்.) பவலும் ராம்சேயும் சொன்னபடி, ஒருமுறைக்கு மேல் தொடாதே என்ற விதி இப்படி நிறைவேறியது. இதன் மறுபக்கம், தரம் பிரிப்பது, அழுகலை ஒதுக்குவது, அழகாக அடுக்குவது எல்லாம் குனிந்து நிற்கும் ஒரே ஆளின் வேலையானது. அவர் பறிப்பவர் மட்டுமல்ல, பொட்டலம் கட்டுபவரும் தரப் பரிசோதகரும் கூட. கூலியில் பெட்டிக் கணக்கு அப்போதும் தொடர்ந்தது.

கலிபோர்னியாவில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். 1996இல் ஐக்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கம் ஸ்ட்ராபெரித் தொழிலாளர்களுக்காக ஓர் இயக்கம் தொடங்கியது. 1997 ஏப்ரலில் வாட்சன்வில் நகரில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். கேட்டது என்ன? நல்ல கூலி, வயலில் சுத்தமான குடிநீர், கழிப்பறை. பழத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் குளிர் அறை கிடைத்த அதே வயல்களில்தான் இந்தக் கோரிக்கை எழுந்தது.

இத்தனைக்கும் பிறகு கணக்கு என்ன? 0 டிகிரிக் குளிரும் 90 முதல் 95 சதவீத ஈரப்பதமும் கொடுத்தால் ஸ்ட்ராபெரி சுமார் ஒரு வாரம், புளூபெரி இரண்டு வாரம். கிரான்பெரி இரண்டு முதல் நான்கு மாதம், அதுவும் அதற்கு 0 டிகிரி ஆகாது, 2 முதல் 5 டிகிரி வேண்டும். குளிர் மிஞ்சினால் அது வாடும். ராஸ்பெரிக்கு இன்றும் இரண்டு முதல் ஐந்து நாள்தான். அதனால் ராஸ்பெரி விமானம் ஏறுகிறது. பறித்த ராஸ்பெரியின் அடியில் அந்தக் குழி இன்னும் அப்படியே இருக்கிறது, அதை எடுக்கும் விரல்கள் இன்றும் நசுக்காமல் எடுக்கத்தான் வேண்டும்.